தூத்துக்குடித் தோழியோடு லிஸ்பனில்

லிஸ்பனுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் தோழி. எனக்கு ரோம் பார்க்க ஆசை. அவளுக்கோ லிஸ்பனைத் தவிர வேறு ஊர் கண்ணில் படவில்லை. காரணம், ஒரு புத்தகம்.

1554ஆம் ஆண்டு லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. 'கார்த்தில்யா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஜெபங்களும் வேத போதனைகளும் அடங்கிய சிறு நூல். தமிழ் எழுத்துகளுக்கு அப்போது அச்சு வார்ப்பு கிடையாது. அதனால் தமிழை ரோமன் எழுத்தில் போட்டு, கூடவே போர்ச்சுகீசிய அர்த்தத்தையும் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578இல்தான். கார்த்தில்யா வந்து 24 வருடம் கழித்து. கார்த்தில்யாவைச் செய்தவர்கள் மூன்று தமிழர்கள்: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தொமா த குரூஸ்.

தோழி தூத்துக்குடிக்காரி. அப்பா வழியில் பர்னாந்து, அம்மா வழியில் குரூஸ். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டுப் பெற்று, ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டபோது வந்து ஒட்டிய பெயர்கள் இவை. "அந்த தொமா எங்க சொந்தக்காரரா இருக்கணும்னு இல்லட்டி. ஆனா நானூத்தி எழுவது வருஷத்துக்கு முன்னால நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு அந்தத் தெருவுல நடந்திருக்காருல்லா? அந்தத் தெருவ நான் பாக்கணும்" என்றாள். அதற்கு மேல் ரோம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அக்டோபரில் கிளம்பினோம்.

போய் இறங்கியதும் என் பெட்டி வரவில்லை. விமானம் மாறிய இடத்திலேயே தங்கிவிட்டதாம். நாளை வரும், நாளை வரும் என்று விமான நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. தோழி என்னைவிட நல்ல உயரம். அவளுடைய பேன்ட்டைக் கீழே இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்பட்டேன்.

முதலில் பெலெம். தேஜு நதி கடலைத் தொடப்போகும் இடத்தில் இருக்கிறது. கார்த்தில்யாவின் பிரதி இங்கேயுள்ள ஓர் அருங்காட்சியகத்தின் சொத்து. ஆனால் கட்டடம் சீரமைப்பு வேலைக்காக மூடியிருந்தது. அது எங்களுக்கு முன்பே தெரியும். தோழி மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தாள், பதில் இல்லை. நேரில் போனால் யாராவது மனம் இரங்கமாட்டார்களா என்ற நம்பிக்கையில் போனோம். வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதர். அவள் கைபேசியில் வைத்திருந்த கார்த்தில்யாவின் முகப்புப் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "வேலை முடிந்ததும் வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. தோழி சாரம் கட்டியிருந்த சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி வா, பக்கத்துல கும்பல் நிக்கி. என்னன்னு பாப்போம்" என்று நடந்தாள்.

பக்கத்தில் நின்றது ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கான வரிசை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மானுவல் கட்ட ஆரம்பித்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகளுக்குப் போட்ட 5 சதவீத வரியில் எழுந்த கட்டடம் இது. நம் பக்கத்துச் சரக்கின் காசும் இந்தச் சுண்ணாம்புக் கல்லில் இருக்கிறது. தூண்களையும் வளைவுகளையும் சுற்றிக் கல்லில் கப்பல் கயிறு ஓடுகிறது. கயிற்றின் முறுக்கு, முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கிறது. கயிறு திரிக்கிற வீட்டுப் பிள்ளை யாரோதான் உளி பிடித்திருக்க வேண்டும் என்று தோழி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. மறுபக்கம் கவிஞர் கமோய்ஸுடையது. வாஸ்கோ இறந்தது கொச்சியில், 1524இல். முதலில் புதைத்ததும் அங்கேதான். எலும்புகளைப் பிறகு போர்ச்சுகல் கொண்டுபோனார்கள், இந்த மடாலயத்துக்கு வந்தது 1880இல். கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் சிலை, பக்கவாட்டில் செதுக்கிய கப்பல். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1502இல் மெக்கா போய்த் திரும்பிய யாத்ரீகர் கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்க, எரிக்கச் சொன்னவரும் இவர்தான். அது இங்கே எங்கும் என் கண்ணில் படவில்லை. வெளியே ஆற்றங்கரையில் 1960இல் எழுப்பிய பெரிய நினைவுச்சின்னத்தின் முன்னால், தரையில் பளிங்கால் உலக வரைபடம் போட்டு, கோழிக்கோட்டின் பக்கத்தில் 1498 என்று பொறித்திருக்கிறார்கள். அந்த 1498க்குப் பிறகு மலபார் கரையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

தோழியிடம் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். "கோவமும் வருது. ஆனா இவங்க வரலைன்னா எங்க தாத்தா பேரு வேற, நான் கும்புடுற சாமியும் வேற. நான் எந்தப் பக்கம் நின்னு கோவப்பட?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

பெலெமில் வந்து முட்டை கஸ்டர்ட் டார்ட் சாப்பிடாமல் போகக்கூடாது. 1837இலிருந்து அதே இடத்தில் விற்கிறார்கள். வாசலில் பார்சல் வரிசையைக் கண்டு பயப்பட வேண்டாம். உள்ளே அறை அறையாக உட்கார இடம் இருக்கிறது. சூடாக வரும். மேலே அங்கங்கே கருகிய புள்ளிகள். கடித்தால் ஓடு நொறுங்கி மடியெல்லாம் சிதறும், உள்ளே பாலும் மஞ்சள் கருவும் கெட்டியும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் நடுவில் நிற்கும். மேசையிலேயே பட்டைத்தூள் வைத்திருக்கிறார்கள். அதைத் தூவிச் சாப்பிட்டால் ருசியே வேறு. அந்தப் பட்டையும் இலங்கையிலிருந்து கப்பலில் போன சமாச்சாரம்தான்.

அடுத்தது 28ஆம் எண் டிராம். லிஸ்பன் பற்றி எந்தப் படத்தைப் பார்த்தாலும் அந்த மஞ்சள் பெட்டிதான் இருக்கும். மார்த்தீம் மொனீஸில் கிளம்பி, மேடு ஏறி, கை நீட்டினால் சுவரைத் தொடலாம் போன்ற சந்துகளில் திரும்பி, அல்ஃபாமா வழியாகப் போகிறது. உள்ளே மர இருக்கைகள், பித்தளைக் கைப்பிடிகள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பகலில் ஏறாதீர்கள். நிற்கக்கூட இடமில்லாமல் நசுங்கிய அந்தக் கூட்டத்தில் தோழியின் பர்ஸ் போய்விட்டது. கைப்பையின் ஜிப் திறந்து கிடந்ததை இறங்கிய பிறகுதான் பார்த்தாள். பாஸ்போர்ட் அறையில் பத்திரமாக இருந்தது. போனது வங்கி அட்டையும் செலவுக்கு எடுத்த யூரோவும், அவளுடைய பாட்டி கொடுத்த பழைய மாதா படமும். அட்டையை உடனே முடக்கினோம். பணத்துக்குக்கூட அவள் அழவில்லை, அந்தப் படத்துக்கு அழுதாள்.

நாங்கள் இறங்கியிருந்தது பேராலயத்தின் பக்கம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே இன்னொரு கோயில். வாசல் பலகையைப் படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அந்தோணியார் கோயில். நம் ஊரில் பதுவை அந்தோணியார் என்று சொல்லிச் சொல்லி அவரை எல்லோரும் இத்தாலிக்காரர் என்றே நினைத்திருப்போம். அவர் பிறந்தது லிஸ்பனில். பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லும் இடத்தின் மேல்தான் இந்தக் கோயில். 1755 பூகம்பத்தில் பழையது இடிந்து, பிறகு கட்டியது. தொலைந்ததைத் தேடிக் கொடுக்கும் புனிதர் என்று உலகம் முழுக்க அவரை நம்புகிறார்கள். நான் நெல்லைக்காரி, கிறிஸ்தவள் இல்லை. ஆனால் சின்ன வயதில் உவரி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போய்க் கடற்கரை மணலில் படுத்துத் தூங்கியவள்தான். கீழே நிலவறைக்குப் போகும் குறுகலான படியில் இறங்கியபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. தோழி முழங்கால் போட்டு நெடுநேரம் ஜெபித்தாள்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்று இருக்கும் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள், காப்பீட்டுக்குத் தேவையான தாளும் கிடைத்தது. பர்ஸ் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் வரவேற்பு மேசைப் பக்கத்தில் என் பெட்டி நிற்கிறது. "கேட்டது நான், குடுத்தது உனக்கா!" என்று தோழி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் தேர்ந்தெடுத்தது ரோசியோ சதுக்கத்தை ஒட்டிய புனித தோமினிக் ஆலயம். தங்கள் வழக்கில் சாமிநாதர் கோயில் என்றாள். இந்தப் பயணத்தில் நான் பார்த்த இடங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வெளியே சாதாரண வெள்ளைச் சுவர். உள்ளே போனால் கால் நின்றுவிடுகிறது. 1755இல் பூகம்பம் குலைத்த கோயில் இது. திரும்பக் கட்டியதை 1959இல் தீ தின்றது. 1994இல் மறுபடி திறந்தபோது காயங்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். தூண்கள் வெந்து, வெடித்து, பாளம் பாளமாக உரிந்து நிற்கின்றன. நான் ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கல் சில்லாகப் பெயர்ந்த பள்ளம், விளிம்பெல்லாம் கூர்மை மழுங்கி வழவழப்பாக இருந்தது. எத்தனை பேர் என்னைப்போல் கை வைத்திருப்பார்களோ. அந்தத் தூண்களுக்கு நடுவில் மெழுகுவத்தி எரிகிறது, பாட்டிமார் ஜெபமாலை உருட்டுகிறார்கள், பூசை நடக்கிறது.

இந்தக் கோயிலுக்கு இன்னொரு காயமும் உண்டு. 1506இல், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களைக் கொன்று குவித்த கலவரம் இங்கேதான் தொடங்கியது. சிலுவையில் தெரிந்த ஒளி அற்புதம் என்று கூட்டம் சொல்ல, மதம் மாறிய ஒருவர் அதைச் சந்தேகப்பட்டுப் பேசியதுதான் பொறி. ஏறத்தாழ 2000 பேர் என்றும் அதற்கு மேல் என்றும் சொல்கிறார்கள். வாசலுக்கு வெளியே சதுக்கத்தில் அதற்கான நினைவுக்கல் இருக்கிறது, தாவீதின் நட்சத்திரம் பொறித்தது. வாஸ்கோவின் கல்லறைப் பக்கம் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. இந்த ஊர் தான் செய்ததைத் தானே கல்லில் எழுதி, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வைத்திருக்கிறது. அந்தக் கல்லைச் சுற்றி இப்போது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூடி நின்று பேசுகிறார்கள். பக்கத்திலேயே சின்னக் கடையில் புளிப்புச் செர்ரி மதுவைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். தோழி ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இருமல் மருந்து மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றாள்.

அன்று மத்தியானம் மழை. லிஸ்பன் நடைபாதைகள் எல்லாம் சின்னச் சின்னச் சதுரக் கற்கள், வெள்ளையும் கறுப்புமாகக் கோலம் போட்டது போலப் பதித்தவை. கண்ணுக்கு விருந்து. நனைந்தால் மட்டும் காலுக்கு எமன். 1147இல் கிறிஸ்தவர்கள் ஊரைப் பிடித்த பிறகு மூர்கள் என்ற முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய மொராரியா பகுதியில், இறக்கமான சந்து ஒன்றில் தோழி வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகி, பார்க்கப் பார்க்க வீங்கியது.

தரைத்தள ஜன்னலில் நின்று தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. நாற்காலி வந்தது. அப்புறம் பாட்டியே ஃப்ரீசரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து, துணியில் சுற்றிக் கணுக்காலில் வைத்து அழுத்தினார். உறைந்த பட்டாணி. அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசியது அவருக்குப் புரியவில்லை. தோழி வலியில் "யம்மா" என்றதும் மட்டும் அவர் தலையை ஆட்டி ஆட்டி, "மாய்ன்யா, மாய்ன்யா" என்று ஏதோ தேற்றினார். அந்தச் சந்துகளின் சுவர்களில் அங்கே வாழ்ந்த முதியவர்களின் பெரிய புகைப்படங்களைப் பதித்திருக்கிறார்கள். பாட்டி ஒரு படத்தைக் காட்டித் தன் நெஞ்சில் கை வைத்தார். அவருடைய படமா, உறவுக்காரர் படமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது பட்டாணியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதைக் காலில் வைத்துக் கட்டிக்கொண்டே டாக்ஸி ஏறினோம்.

எலும்பு முறியவில்லை. மருந்துக்கடையில் கட்டு போட்டுவிட்டு, ஏறி இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். மேடும் படியுமே ஊராக இருக்கும் இடத்தில் அது பெரிய தண்டனை. கோட்டையை விட்டோம், சிந்த்ரா அரண்மனைகளை விட்டோம், போட்டு வைத்திருந்த திட்டத்தில் பாதியை விட்டோம். எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் லிஸ்பனை நான் உண்மையில் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் டாக்ஸியில் வணிகச் சதுக்கத்துக்குப் போய், ஆற்றுக்குள் இறங்கும் பளிங்குப் படிகளின் மேற்படியில் உட்கார்ந்துவிடுவோம். இரண்டு கல் தூண்களுக்கு நடுவே அலை வந்து படியில் ஏறி இறங்கும். இந்தச் சதுக்கமும் பின்னால் நேர் நேராக ஓடும் தெருக்களும் 1755 பூகம்பத்துக்குப் பிறகு அமைச்சர் பொம்பால் மறுபடி கட்டியவை. நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலை, கோயில்களில் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி குலுங்கியது. அப்புறம் கடல் ஏறியது, நாள்கணக்கில் தீ எரிந்தது. திரும்பக் கட்டும்போது சுவருக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டு போலக் கோத்தார்கள், அடுத்த பூகம்பத்தில் சுவர் உதிர்ந்தாலும் கூண்டு நிற்கட்டும் என்று. 2004 டிசம்பரில் கடல் ஏறியதைச் சொந்தக் கரையில் கண்டவள் தோழி. கடல் ஏறிய பிறகும் அதே கரையில் ஊரைக் கட்டியவர்களை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பூகம்பத்துக்கு முந்தைய லிஸ்பனை ஓடு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பழைய கன்னியர் மடம் ஒன்றில் இருக்கிறது. 1700 வாக்கில் செய்த, சுமார் 23 மீட்டர் நீளமுள்ள நீல ஓட்டு ஓவியத்தில் ஆற்றங்கரை முழுவதும் விரிகிறது. பின்னால் அழிந்துபோன அரண்மனையும் இருக்கிறது, படகுகளும் இருக்கின்றன. நடக்க முடியாத தோழிக்குச் சக்கர நாற்காலி கேட்டு வாங்கினேன். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன். "நிறுத்து, நிறுத்து" என்று அடிக்கொரு தரம் சொன்னாள். தொமா த குரூஸ் பார்த்த ஊர் கிட்டத்தட்ட இதுதானே. புத்தகம் கிடைக்கவில்லை, தெரு கிடைத்துவிட்டது என்று அவள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஃபாடோ என்ற லிஸ்பனின் சோகப் பாட்டைக் கேட்டது அல்ஃபாமாவில், பத்துப் பன்னிரண்டு மேசை மட்டும் உள்ள கடை. உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி தானாக வந்து இறங்கும். இலவசம் இல்லை, தொட்டால் காசு, வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள். விளக்கை அணைத்ததும் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. 12 தந்தியுள்ள போர்ச்சுகீசிய கித்தார் முதலில் அழுதது. பிறகு சமையலறையிலிருந்து ஏப்ரனோடு ஒரு அம்மாள் வந்தார். மைக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துப் பாடினார். பாடி முடித்து உள்ளே போனவர் எங்களுக்குக் கீரை சூப்பைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

கடைசி நாள் படகு. காய்ஷ் து சொத்ரேயிலிருந்து ஆற்றைக் கடந்து கசில்யாஷுக்குப் பத்து நிமிடம். வேலைக்குப் போய் வருகிறவர்களின் படகு, நகர அட்டையிலேயே போகலாம், ஆளுக்கு ஓர் அட்டை மட்டும் கட்டாயம் வேண்டும். வலது பக்கம் பெரிய சிவப்புப் பாலம். 1966இல் திறந்தபோது சர்வாதிகாரி சலசாரின் பெயர் வைத்தார்கள். 1974 ஏப்ரல் 25இல் துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூ சொருகிய ராணுவத்தினர் அந்தச் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த பிறகு அந்தத் தேதியையே பாலத்துக்குப் பெயராக்கினார்கள். வண்டிகள் ஓடும் இரும்புக் கம்பித் தளத்திலிருந்து வரும் ரீங்காரம் தண்ணீர் வரை கேட்கிறது.

கசில்யாஷில் துறையை ஒட்டிய மீன் கடைக்குள் தோழி நொண்டிக்கொண்டே போய், ஐஸ்மேல் அடுக்கியிருந்த சாளையில் ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கடைக்காரருக்கு அதுவே போதும், ஆள் யாரென்று புரிந்துவிட்டது. கல்லுப்பு மட்டும் தூவி, கரியில் சுட்டு, அவித்த உருளைக்கிழங்கோடு வந்தது. மசாலா இல்லாத மீனை நான் தயங்கித் தயங்கி எடுத்தேன். தோழி கையாலேயே பிய்த்து, தலையையும் விடாமல் சூப்பி, முள்ளை மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தாள். தட்டை எடுக்க வந்த கடைக்காரர் அந்த முள் வரிசையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுப்புக்குப் போய் இன்னும் இரண்டு மீனைக் கொண்டுவந்து வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார்.

"தூத்துக்குடி" என்றாள் தோழி. அவருக்குப் புரியவில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, மன்னார் வளைகுடாவைப் பெரிதாக்கி, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.